பழைய சிஸ்டத்தைத் தேற்றுவதா, புதிது வாங்குவதா? நெல்லைச் சீமையிலிருந்து ஓர் ஒப்பீடு

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு வழங்கிவந்த வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்தியது. பாளையங்கோட்டையிலும் ஜங்ஷன் பக்கத்திலும் உள்ள சர்வீஸ் கடைகளில் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்வி அதன் பின் இன்னும் அதிகமாகக் கேட்கத் தொடங்கியது. "அண்ணாச்சி, இதையே கொஞ்சம் தேத்தி ஓட்டலாமா, இல்ல புதுசுதான் வாங்கணுமா?" என்று கேட்பவர்களில் வண்ணார்பேட்டையில் டி.டி.பி. மையம் நடத்துபவரும் உண்டு, பேட்டையில் அரிசி மண்டிக்குக் கணக்கு எழுதுபவரும் உண்டு, அம்பாசமுத்திரத்திலிருந்து கல்லூரிக்கு வந்து போகும் மாணவியும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே விடையைச் சொல்லும் கடைக்காரர், தம்மிடம் இருக்கும் சரக்கை விற்கப் பார்க்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

கணினியின் வயதை மட்டும் வைத்து முடிவெடுப்பது தவறு என்பது என் உறுதியான கருத்து. எட்டு வருடம் ஓடிய சிஸ்டம் ஒரே ஓர் உறுப்பை மாற்றியதும் இன்னும் நான்கு வருடம் உழைப்பதுண்டு. நான்கு வருடமே ஆன மலிவு லேப்டாப் எதற்கும் இடம் கொடுக்காமல் போவதுமுண்டு. எந்த உறுப்பு வேகத்தைத் தடுக்கிறது, மதர்போர்டும் பிராசஸரும் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை, அந்தக் கணினியை நம்பி வேறு எவையெல்லாம் நிற்கின்றன என்ற மூன்றையும் அறிந்த பிறகே பணத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

## முதலில் பார்க்க வேண்டியவை

தடை எங்கே இருக்கிறது? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். வழக்கமான வேலையைச் செய்துகொண்டே அதைக் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்க, சிபியூ (அதாவது பிராசஸர்) 10, 20 சதவீதத்தில் சும்மா இருந்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். மெமரி 90 சதவீதத்தை ஒட்டியே இருந்தால் ரேம் போதவில்லை. சிபியூ எப்போதும் உச்சத்தில் இருந்தால் வைரஸோ தேவையற்ற மென்பொருளோ இல்லை என்று உறுதிசெய்துகொண்ட பிறகு, பிராசஸரே வேலைக்குப் போதவில்லை என்று முடிவுசெய்யலாம். அந்த நிலையில் வேறு எதை மாற்றியும் பெரும் பயன் இராது.

தலைமுறை என்ன? இன்டெல் பிராசஸரின் எண்ணிலேயே அது இருக்கிறது. ஐ3-4130 நான்காம் தலைமுறை, ஐ5-8400 எட்டாம் தலைமுறை, ஐ5-10400 பத்தாம் தலைமுறை. விண்டோஸ் 11-ஐ முறையாக நிறுவ, சில விதிவிலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ வேண்டும், அதோடு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், செக்யூர் பூட் வசதியும், குறைந்தது 4 ஜி.பி. ரேமும் வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். எட்டாம், ஒன்பதாம் தலைமுறைக் கணினி சிலவற்றில் டி.பி.எம். வசதி பயாஸில், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கக்கூடிய அடிப்படை அமைப்புத் திரையில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அதனால் "உங்கள் கணினி தகுதியற்றது" என்று திரையில் செய்தி வரும். பயாஸுக்குள் சென்று, இன்டெல் என்றால் பி.டி.டி. என்றும் ஏ.எம்.டி. என்றால் எஃப்.டி.பி.எம். என்றும் இருக்கும் அமைப்பை இயக்கிவிட்டால், காசு செலவில்லாமல் அதே கணினி தகுதி பெற்றுவிடக்கூடும். இதைச் சோதிக்காமல் புதிய கணினிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

உடல்நிலை எப்படி? மூடியைக் கழற்றிப் போர்டைப் பாருங்கள். சிறிய உருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறத்தில் கசிந்து காய்ந்திருந்தாலோ அந்தப் போர்டை நம்பிப் புது உறுப்பு வாங்கக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் தாமிரபரணி வெள்ளம் வீடுகளிலும் கடைகளிலும் புகுந்தது நினைவிருக்கும். அந்தத் தண்ணீரில் நின்று, காயவைத்து மீண்டும் ஓட்டப்படும் கணினி எதுவாக இருந்தாலும் அதில் இனிச் செலவு செய்யாமல் தரவுகளை மட்டும் பத்திரப்படுத்திக்கொள்வதே சரி. சேறு புகுந்த இணைப்பு முனைகளில் அரிப்பு மெல்ல மெல்லத்தான் வேலையைக் காட்டும்.

ஆண்டுக்கு எவ்வளவு? மொத்த விலையைவிட ஆண்டுக் கணக்கே நேர்மையானது. கணக்குக்காக ஒரு தொகையை வைத்துக்கொள்வோம்: மேம்படுத்த 6,000 ரூபாய் ஆகி மூன்று வருடம் ஓடினால் ஆண்டுக்கு 2,000, புதியது 42,000 ரூபாய் ஆகி ஏழு வருடம் ஓடினால் ஆண்டுக்கு 6,000. இந்த இடைவெளி இருக்கும்வரை பழையதைத் தேற்றுவதில் நியாயம் இருக்கிறது. தேற்றும் செலவு புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். பழைய உறுப்புகளில் அடுத்து எது எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதே காரணம்.

## வழி ஒன்று: இருப்பதை மேம்படுத்துவது

மேம்படுத்துவது என்றாலே பலருக்கு ரேம்தான் நினைவுக்கு வரும். பெரும்பாலான பழைய கணினிகளுக்கு முதல் மருந்து அதுவன்று. ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போடுவதே. ஹார்டு டிஸ்கில் ஒரு தட்டு சுழல்கிறது. அதன்மேல் ஒரு முள் ஓடி ஓடித் தரவைத் தேடுகிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஏறத்தாழ 10 மில்லிசெகண்ட் ஆகும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கும் இங்கும் தேட வேண்டியிருப்பதால்தான், பட்டனைத் தட்டிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வரும் நிலை ஏற்படுகிறது. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பொருள் ஏதும் இல்லை. சாட்டா வகை எஸ்.எஸ்.டி. தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு 500 எம்.பி.க்கு மேல் தரும், ஹார்டு டிஸ்க் 100 முதல் 150 எம்.பி. வரைதான் தரும் என்பது ஒருபுறம் இருக்க, தேடும் நேரம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடுவதுதான் மெய்யான மாற்றம்.

ரேமில் எச்சரிக்கை வேண்டும். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகிய மூன்றும் ஒன்றின் இடத்தில் ஒன்று பொருந்தாது; டெஸ்க்டாப்பில் போடுவது லேப்டாப்பிலும் பொருந்தாது. 32 பிட் விண்டோஸ் இருக்கும் கணினியில் 8 ஜி.பி. போட்டாலும் 4 ஜி.பி.க்கு உட்பட்டதுதான் பயன்படும், மீதி வீண். மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேம் போர்டோடு சேர்த்தே ஒட்டப்பட்டிருக்கும், கூட்ட வழியே இருக்காது. அதோடு 2025-இன் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டதால், ரேம் விலை உலகெங்கும் கடுமையாக ஏறியது. "ரேம்தானே, மலிவாகப் போட்டுவிடலாம்" என்ற பழைய கணக்கு இப்போது செல்லாது. வாங்கும் அன்றைய விலையை இரண்டு மூன்று கடைகளில் விசாரித்தே தீர வேண்டும்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதற்கு உறுப்பு எதுவும் வாங்க வேண்டாம். வள்ளியூர், இராதாபுரம் பக்கம் ஆனி, ஆடிக் காற்று அள்ளிக்கொண்டு வரும் புழுதியும், அரிசி ஆலையின் தவிட்டுத் தூசியும் கணினிப் பெட்டிக்குள் எப்படியும் போய்விடும். பிராசஸர் மேல் இருக்கும் ஹீட் சிங்க்கின் இடுக்குகளில் அந்தத் தூசி கம்பளிபோல் படிந்து காற்றை அடைத்துவிடும். அடியில் உள்ள தெர்மல் பேஸ்ட் காய்ந்து உதிர்ந்திருக்கும். சூடு ஏறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் மட்டும் ஹேங் ஆகி மார்கழியில் நன்றாக ஓடும் கணினிக்குத் தேவைப்படுவது தூசி தட்டலும் புதிய பேஸ்ட்டும்தான்.

மறைந்திருக்கும் செலவுகளுக்கு வருவோம். எஸ்.எஸ்.டி. போட்டதும் விண்டோஸை மறுபடி நிறுவுவதா, பழைய டிஸ்கை அப்படியே படியெடுப்பதா என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பார்மேட் செய்துவிட்டு "எல்லாம் புதுசா போட்டாச்சு" என்று அவர் சொல்லும்போது, பத்து வருட ரசீதுகள் போயிருக்கலாம். எம்.2 என்ற பட்டை வடிவ எஸ்.எஸ்.டி.யில் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு வகை உண்டு. உங்கள் போர்டு எதை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கினால் அது மேசை இழுப்பறையில்தான் கிடக்கும். போர்டு போய் வேறு போர்டு மாற்றினால், கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் செல்லாமல் போகும். ஹார்டு டிஸ்க் கட்கட் என்ற ஒலி கொடுத்து முன்னறிவிப்பதுண்டு, எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும் என்பதால், கழற்றிய பழைய டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதை எக்ஸ்டர்னல் கேஸில் போட்டு பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்த பிராசஸர், ஹார்டு டிஸ்க்கோடு இருக்கும் கணினி, நல்ல போர்டு: இம்மூன்றும் கூடினால் மேம்படுத்துவதைத் தவிர வேறொன்றை நினைக்கவே வேண்டாம்.

## வழி இரண்டு: புதிது வாங்குவது

புதியதன் நன்மைகள் எல்லோரும் அறிந்தவை: வாரண்டி, விண்டோஸ் 11, குறைந்த மின்செலவு. மின்செலவை மட்டும் கணக்காகச் சொல்கிறேன். 100 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 48 யூனிட். 30 வாட் லேப்டாப் அதே நேரத்துக்கு ஏறத்தாழ 14 யூனிட். வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்குக் குறிப்பிட்ட அளவு யூனிட் இலவசம் என்றிருக்கும் தமிழ்நாட்டில், அந்த 34 யூனிட் வேறுபாடு சில வீடுகளுக்குக் கவனிக்கத் தக்கது. கரண்ட் போனாலும் லேப்டாப் நிற்காது, டெஸ்க்டாப்புக்கு யு.பி.எஸ். வேண்டும், அதன் பேட்டரியை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும்.

ஆனால் விலைச்சீட்டில் இல்லாத செலவுகள் இந்த வழியில்தான் மிகுதி, அவற்றை வாங்கிய பிறகே பலர் கண்டுகொள்கிறார்கள். மலிவாகத் தெரியும் லேப்டாப்பில் "டாஸ்" (விண்டோஸுக்கு முந்தைய பழைய இயங்குதளம்) என்று போட்டிருந்தால் அதில் விண்டோஸ் இல்லை. தனியே வாங்க வேண்டும். கடையில் சேர்த்துக் கட்டித்தரும் அசெம்பிள்டு சிஸ்டத்திலும் நிலைமை அதுவே. கிராக் செய்த விண்டோஸைக் கடைக்காரர் இலவசமாகப் போட்டுக் கொடுப்பதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள்; வாடிக்கையாளர்களின் ஆதார், வங்கி விவரங்கள் புழங்கும் கணினியில் அதைவிடப் பெரிய ஓட்டை வேறில்லை.

மண்டிகளிலும் மொத்தக் கடைகளிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய டாஸ் பில்லிங் மென்பொருள்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய தரவுத்தள மென்பொருள் காலத்து 16 பிட் நிரல்கள் 32 பிட் விண்டோஸ் 10 வரை நேரடியாக ஓடின. 64 பிட் விண்டோஸில் அவை ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. டாஸ்பாக்ஸ் போன்ற மென்பொருளுக்குள் வைத்து ஓட்டலாம் என்றாலும், அச்செடுக்கும் இடத்தில் தகராறு வரும். அந்தக் கடைகளில் கார்பன் தாளில் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், 25 ஊசி கொண்ட அகலமான பேரலல் போர்ட்டில் செருகப்பட்டிருக்கும். புதிய லேப்டாப்பில் அந்தப் போர்ட் இராது, யு.எஸ்.பி. மாற்றுக் கேபிள் விண்டோஸ் மென்பொருளுக்குப் பெரும்பாலும் உதவும், டாஸ் மென்பொருளுக்கு எளிதில் உதவாது. ஆக, 42,000 ரூபாய்க் கணினி வாங்கும் மண்டிக்காரர், புதிய பில்லிங் மென்பொருள், புதிய பிரிண்டர், பழைய பாக்கிக் கணக்குகளைப் புதியதில் ஏற்றும் கூலி என மேலும் மூன்று செலவுகளுக்குக் கையெழுத்திடுகிறார்.

டி.டி.பி. மையங்களின் பாடும் ஏறக்குறைய இதுவே. அவர்கள் நம்பியிருக்கும் பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரின் 7.0 பதிப்பு வெளிவந்தது 2001-இல். அதற்குப் பின் பெரிய பதிப்பு எதுவும் வரவில்லை. யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் தட்டிய கல்யாணப் பத்திரிகைகள், மலர்கள், நோட்டீஸ்கள் பல வருடங்களாகச் சேர்ந்திருக்கும். புதிய கணினியில் அந்த எழுத்துருவும் அதற்குரிய விசைப்பலகை மென்பொருளும் சரியாக உட்காராவிட்டால், திறக்கும் கோப்பெல்லாம் வெறும் ஆங்கிலக் குறியீடுகளாகத் தெரியும். புதிது வாங்கினாலும் பழைய கணினியை மூன்று மாதமாவது அருகிலேயே இயங்கும் நிலையில் வைத்திருங்கள் என்று அவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்வதுண்டு.

ஆறாம் தலைமுறைக்கும் முந்தைய கணினியில் விண்டோஸ் கட்டாயம் வேண்டும் என்போருக்கும், வீடியோ எடிட்டிங், முப்பரிமாண வரைவு போன்ற கனமான வேலை செய்வோருக்கும், நான்கு வருடப் படிப்பைத் தொடங்கும் மாணவருக்கும் இந்த வழியே தகும்.

## வழி மூன்று: ரீஃபர்பிஷ்டு

ரீஃபர்பிஷ்டு என்பது பழைய கணினியைச் சீரமைத்து மீண்டும் விற்பது. பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு வருடம் பயன்படுத்திவிட்டுக் கழித்துவிடும் ஆப்டிபிளெக்ஸ், எலைட்டெஸ்க், திங்க்சென்டர் போன்ற அலுவலகக் கணினிகளுக்குக் கட்டுமானம் உறுதியானது. கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் புதிய மலிவு லேப்டாப்பைவிட இதை விரும்பலாம். ஆனால் பெட்டியைத் திறக்காமல் வாங்காதீர்கள். நான்காம், ஆறாம் தலைமுறைக் கணினியில் நிபந்தனைச் சோதனையைக் குறுக்கு வழியில் தாண்டி விண்டோஸ் 11 போட்டு விற்கிறார்கள். அப்படி நிறுவியதற்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதியளிக்கவில்லை. பிராசஸர் எண்ணை நீங்களே திரையில் பாருங்கள். சிறிய பெட்டி மாடல்களில் எஸ்.எம்.பி.எஸ். (மின்சாரம் வழங்கும் பகுதி) தயாரிப்பு நிறுவனத்தின் தனி அளவில் இருக்கும். அது போனால் ஊர்க்கடையில் மாற்று உடனே கிடைக்காது. போர்ட்டுகளின் ஓரத்தில் துருவோ, பச்சைப் படிவோ இருந்தால் தண்ணீர் பட்ட சரக்கு.

## வழி நான்கு: இயங்குதளத்தை மாற்றுவது

பிரவுசர், மின்னஞ்சல், தட்டச்சு, யூட்யூப் என்ற அளவில் வேலை முடிந்துவிடும் என்றால், பழைய கணினியில் எஸ்.எஸ்.டி. ஒன்றைப் போட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவினால் உரிமச் செலவில்லாமல் பாதுகாப்புப் புதுப்பிப்புகளோடு ஓடும். யூனிகோடு தமிழ், தமிழ்99 தட்டச்சு இரண்டும் அதில் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் திட்டத்திலேயே விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இந்திய லினக்ஸ் வகையும் சேர்த்துக் கொடுத்தார்கள் என்பதால் இது நம் பிள்ளைகளுக்குப் புதிதன்று. ஆனால் டேலி என்ற கணக்கு மென்பொருள், பேஜ்மேக்கர், டிஜிட்டல் கையொப்ப டாங்கிள் ஆகியவற்றை நம்பியிருப்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம். விண்டோஸில் தட்டினால் ஓடும் அவற்றை இங்கே ஓடவைப்பதற்கே நாள் போய்விடும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | மேம்படுத்தல் | புதிது | ரீஃபர்பிஷ்டு | லினக்ஸ் |
|---|---|---|---|---|
| உடனடிச் செலவு | குறைவு | மிகுதி | நடுத்தரம் | மிகக் குறைவு |
| விண்டோஸ் 11 | எட்டாம் தலைமுறை முதல் | உண்டு | பிராசஸரைப் பொறுத்தது | தேவையில்லை |
| மறைந்த செலவு | படியெடுத்தல், அடுத்த உறுப்பின் பழுது | உரிமம், பிரிண்டர், பழைய மென்பொருள் | எஸ்.எம்.பி.எஸ்., பேட்டரி | பழகும் காலம் |
| பழைய மென்பொருள், பிரிண்டர் | விண்டோஸை மாற்றாவிட்டால் அப்படியே ஓடும் | ஐயம் | சில மாடல்களில் ஓடும் | பெரும்பாலும் ஓடாது |
| வாரண்டி | புதிய உறுப்புக்கு மட்டும் | முழுமை | சில மாதம் | இல்லை |

## முடிவை எப்படி எடுப்பது

மண்டிக்காரருக்கு என் யோசனை: பில் அடிக்கும் பழைய கணினியை இணையத்திலிருந்து துண்டித்து, எஸ்.எஸ்.டி. போட்டு, பில்லுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், ஜி.எஸ்.டி. தாக்கலுக்கும் வங்கி வேலைக்கும் எட்டாம் தலைமுறை ரீஃபர்பிஷ்டு ஒன்று போதும். மென்பொருள் மாற்றத்தைத் தீபாவளிச் சந்தடியிலோ அறுவடைக் காலத்திலோ வைத்துக்கொள்ளாமல், ஏப்ரலில் புதுக் கணக்கு தொடங்கும்போது செய்யுங்கள்.

கல்லூரி மாணவிக்கு, அண்ணனுக்கு 2011 வாக்கில் வந்த இலவச லேப்டாப்பில் ஒரு ரூபாய்கூடச் செலவிட வேண்டாம் என்பேன். பேட்டரி, கீபோர்டு, கீல் என்று ஒவ்வொன்றாகப் போகும். புதிது வாங்குங்கள், வாங்கும்போது ரேமைக் கூட்ட இடமுள்ள மாடலைக் கேட்டு வாங்குங்கள். டி.டி.பி. மையத்துக்கு இரண்டும் வேண்டும்: பழைய கோப்புகளுக்குப் பழையது, புதிய வேலைக்கும் யூனிகோடுக்கும் புதியது.

ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருப்பவர் ஏழாம் தலைமுறைக் கணினியோடு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தால், தனிநபர் பயன்பாட்டுக்கான விண்டோஸ் 10 கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு 2026 அக்டோபர் 13 வரை என்று அறிவிக்கப்பட்டதை மட்டும் நம்பிக் காலம் தள்ளக் கூடாது. ஊர்மக்களின் சான்றிதழ்கள் அவர் கையில் இருக்கின்றன. அவர் மாற்றத்தான் வேண்டும். ரீஃபர்பிஷ்டு என்றாலும் சரி.

## பழையதைக் கொடுப்பதற்கு முன்

எக்ஸ்சேஞ்சுக்கோ காயலான் கடைக்கோ கொடுக்கும் முன், டெலீட் செய்வதும் விரைவாகப் பார்மேட் அடிப்பதும் தரவை அழித்துவிடாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். இலவச மென்பொருளை வைத்தே அவற்றில் பெரும்பகுதியை மீட்டுவிட முடியும். ஸ்கேன் செய்த ஆதார் அட்டைகள், சாதிச் சான்றிதழ்கள், பாஸ்புக் பக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஹார்டு டிஸ்க் என்றால் முழுப் பார்மேட் செய்யச் சொல்லுங்கள், அது மணிக்கணக்கில் ஓடும், எஸ்.எஸ்.டி. என்றால் அதற்கென உள்ள செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்துங்கள். டிஸ்க் கெட்டு, கணினியே அதை அடையாளம் காணவில்லை என்றால் அழிக்கவும் வழியில்லை. அப்போது நான்கு திருகைக் கழற்றி டிஸ்கை எடுத்துக்கொண்டு, பெட்டியை மட்டும் கொடுங்கள்; எக்ஸ்சேஞ்சில் சில நூறு ரூபாய் குறைத்தாலும் பரவாயில்லை.